ஜாக்கி உள்ள ஏறின வண்டி

பழைய கார் வாங்கப் போறவன் என்னென்ன பாக்கணும்னு ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொல்லி எனக்க தங்கச்சி மகன் ஷிபு ரெண்டு மாசமா நச்சரிச்சுட்டு நடக்கான். பாறசாலையில எனக்க சொந்தப் பட்டறைய இப்பம் நடத்துறது அவனாக்கும். கண்ணுல புரை அறுத்த பிறகு டாக்டர் வெல்டிங் தீப்பொறிய இனி பாக்கப்படாதுன்னு சொன்னதால, சாவியை அவன் கையில குடுத்துட்டு நான் வீட்டுல இருக்கேன். டிங்கர் பணிக்காரங்க எல்லாரும் சேர்ந்து சின்னதா ஒரு புத்தகம் அடிக்கப் போறாங்களாம். "மாமா, உங்களுக்குத் தெரிஞ்சத எழுதினா போதும், ஆளுகளுக்கு உபகாரமா இருக்கும்"னு சொன்னான். எனக்குத் தெரிஞ்சத எழுதினா எனக்கு மானக்கேடுன்னு அந்தப் பயலுக்குத் தெரியாது.

கொஞ்ச காலமா நம்ம பக்கத்துல பழைய வண்டிக்கு ஒரு கிறுக்கு பிடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு பொண்ணும் மாப்பிள்ளையும் பழைய அம்பாசடர்ல வந்து இறங்கணும். போட்டோ எடுக்கிறவனுக்கு அதுதான் வேணும். கல்ஃபுல இருக்கிற பயலுவ போன்ல படத்தப் பாத்துட்டு அங்க இருந்தே அட்வான்ஸ் அனுப்புதானுவ. பெயின்ட் பளபளன்னு இருக்காம். பெயின்ட் எல்லா வண்டியிலயும் பளபளன்னுதான் இருக்கும், பின்ன நாங்க எதுக்கு இருக்கோம்?

வெளிய தெரியுற துருவ நான் துருன்னு கணக்குல எடுக்கவே மாட்டேன். அதைச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, சோலி முடிஞ்சுதுன்னு போகலாம். உள்ள இருக்கிறதுதான் ஆளக் கொல்லும். மிதியடிக்குக் கீழ, சக்கரத்துக்கு மேல உள்ள வளைவுக்குள்ள, டிக்கிக்க மூலையில, கதவுக்கு அடியில நீளமா ஓடுற இரும்புப் பெட்டிக்குள்ள. நம்ம ஊருல இதுக்கு காரணம் வேற உண்டு. காரோடு, பொழியூர் பக்கத்துல ஓடின வண்டி உப்புக் காத்த குடிச்ச வண்டி. மீன் கூடை ஏத்தின டாக்சியா இருந்தா ஐஸ் தண்ணி டிக்கியில இறங்கி அடித்தகரத்த அப்பளமாக்கிப் போட்டிருக்கும். பிறகு மிதியடிக்குக் கீழ கயறு மெத்தை விரிக்கிற பழக்கம். காலுக்கு சுகமா இருக்கும்னு விரிப்பாங்க. ஆறு மாசம் மழை பெய்யுற ஊருல அந்த மெத்தை ஒரு நாளும் உணங்காது, ஈரம் தகரத்துல ஊறிட்டே இருக்கும்.

பத்தாம் கிளாஸ் தோத்த வருஷம் நெய்யாற்றின்கரையில நேசையன் ஆசானுக்க பட்டறையில சேந்தேன். ரெண்டு வருஷம் சுரண்டினேன், ஒரு வருஷம் தட்டினேன், அதுக்க பிறகுதான் கேஸ் வெல்டிங் டார்ச்ச கையில தந்தார். நான் இடங்கையன். எல்லாருக்க வெல்டும் வலத்த இருந்து இடத்த பாத்துப் போகும், எனக்கு எதிர்த்த பக்கமாப் போகும். பத்துப் பேருக்க வேலைய நிரத்தி வச்சாலும் எனக்கதை கண்ண மூடிட்டு எடுத்துரலாம். "வில்ப்ரட்டு, வேற ஒருத்தன் கெடுத்த வேலை உனக்க தலையில வராது. நீ கெடுத்தத வேற ஒருத்தன் தலையிலயும் வைக்க முடியாது"ன்னு ஆசான் சிரிப்பார். அவருகிட்ட இருபத்திரண்டு வருஷம் நின்னேன்.

ஆசானப் பத்தி கொஞ்சம் சொல்லணும். கரியும் எண்ணெயுமா கிடக்குற பட்டறையில வெள்ளை முண்டு கட்டிட்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோட போவார். எப்படின்னு இன்னும் எனக்குத் தெரியாது. சத்தம் போட்டு பேச மாட்டார். ஒரு வண்டி வந்தா முதல்ல ரேட்டு சொல்ல மாட்டார். மிதியடியத் தூக்கி மணத்திப் பாப்பார். மடியில ஒரு காந்தம் உண்டு, பெயின்ட்ல கீறல் விழாம இருக்க துணியில சுத்தி வச்சிருப்பார். அதைக் கதவுக்குக் கீழ ஓரமா இழுத்துட்டே போவார். இரும்பு இருக்கிற இடத்துல பிடிக்கும், பட்டி அடைச்ச இடத்துல வழுக்கும். பிறகு ஸ்க்ரூ டிரைவருக்க பிடியால தட்டுவார், காத சாச்சு கேப்பார். கடைசியில ஜாக்கி வைக்கிற நாலு இடத்துலயும் ஜாக்கி வச்சு வண்டிய ஒரு சாண் தூக்கிப் பாப்பார். "காந்தத்த ஏமாத்தலாம், காத ஏமாத்தலாம். வண்டிக்க பாரத்த ஏமாத்த முடியாது"ம்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. சுரண்டி எடுத்த துருவ பேப்பர்ல பொட்டலம் கட்டி, நூல் சுத்தி, வண்டிக்காரன் கையில குடுக்கணும். பலசரக்குக் கடையில சீரகம் மடிச்சுத் தாற மாதிரி. "இது உங்க வண்டிக்குள்ள இருந்ததாக்கும். மீதி உள்ள இருக்கு. இத்தன காலம் நிக்கும், அதுக்க பிறகு வெட்டி மாத்தணும்"னு வாயால சொல்லவும் செய்யணும். யாரு அந்த வேலைய செய்தானோ அவனே குடுக்கணும், அவனே சொல்லணும். வண்டிக்காரங்களுக்கு அந்தப் பொட்டலத்தக் கண்டாலே முகம் கறுக்கும். எங்களுக்கும் அது பிடிக்காது. ஆசான் விட மாட்டார்.

டிசம்பர் மாசம் வந்தா எங்களுக்கு மூடல் வேலை. கிறிஸ்துமஸுக்கு பள்ளிக்கு, அதாவது சர்ச்சுக்கு, போற வண்டி புதுசாத் தெரியணும், அவ்வளவுதான் ஆளுகளுக்கு. உள்ளத வெட்டி எடுத்து மாத்த நேரமும் கிடையாது, கையில பைசாவும் கிடையாது. துருவுக்கு மேல புதுத் தகரம் வச்சு ஓரத்த பத்தவச்சு, பட்டி போட்டு, அடியில கறுப்பு பூசி விடுவோம். ரெண்டு வருஷத்துக்கு அது நிக்கும். அந்த வேலைக்குத்தான் பொட்டலம் கட்டாயம்னு ஆசான் வச்சிருந்தார்.

இனி மணியன். பாறசாலை ஸ்டாண்டுல முப்பத்தஞ்சு வருஷம் டாக்சி ஓட்டினவன், எனக்க அடுத்த வீட்டுக்காரன். அவனுக்க மகளும் எனக்க மகனும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சு. எங்க வீட்டு கிறிஸ்துமஸ் கேக்குல முதல் துண்டு அவனுக்க வீட்டுக்குப் போகும், ஓணத்துக்கு பாயசம் இங்க வரும். கொரோனா வந்து ஓட்டம் நின்னுது. ஓட்டம் திரும்பி வந்தப்பம் ஆளுக போன்ல வண்டி விளிக்கப் படிச்சிட்டாங்க. முட்டு ரெண்டும் தேஞ்சு போச்சு, தூர ஓட்டம் போகவும் அவனால முடியல்ல. ஒரு நாள் வந்து சொன்னான். "மக்கா, ஒரு அம்பாசடர் எடுக்கப் போறேன். அலங்கரிச்சு கல்யாணத்துக்கு ஓட்டலாம். வீட்டுல இருந்து பள்ளிக்கு, பள்ளியில இருந்து மண்டபத்துக்கு, மெதுவா போனா மதி. மரிக்கிற வரைக்கும் இது போதும்." டாக்சிய வித்த பைசாவும், பெண்டாட்டி சரசுக்க கழுத்துல கிடந்த மாலையும்தான் மூலதனம்.

வண்டி காரக்கோணம் தாண்டி கிரேஸ் டீச்சர் வீட்டுல நின்னுது. அவங்களுக்க வீட்டுக்காரர் சாமுவேல் சார் ஹெட்மாஸ்டரா இருந்தவர். அவர் போன பிறகு ஒம்பது வருஷமா வண்டி ஷெட்டுல கிடந்துது. டீச்சர்தான் மணியனுக்க மகளுக்கு ரெண்டாம் கிளாஸ்ல எழுத்து சொல்லிக் குடுத்தது. "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது மணியா. சார் வில்ப்ரட் வேலைக்கு நின்ன பட்டறையிலதான் எப்பவும் வண்டிய விடுவார். வில்ப்ரட் பாத்து சொல்லட்டு. அவன் சொன்னா எனக்கு சம்மதம்"னு டீச்சர் சொல்லிட்டாங்க.

நானும் போய்ப் பாத்தேன். காந்தத்த இழுத்தேன், எல்லா இடத்துலயும் கிச்சுன்னு பிடிச்சுது. தட்டினேன், சத்தமும் பெரிய மோசமில்ல. மிதியடியத் தூக்கினேன், கறுப்பு பூச்சு பூசின படியே நின்னுது. ஜாக்கி வைக்கல்ல. நாலு டயரும் காத்திறங்கிக் கிடந்துது, டீச்சர் காப்பியும் ஏத்தங்கா வறுத்ததும் கொண்டு வந்து வச்சிட்டு பக்கத்துலயே நின்னாங்க, ஷெட்டு சுவருல சாருக்க படம் மாலை போட்டுத் தொங்குது. மரிச்சுப் போன மனுஷனுக்க வண்டிய அவருக்க பெண்டாட்டிக்க முன்னால குத்திக் கிளறிப் பாக்க எனக்கு மனசு வராம மடியா இருந்துது. மணியன் எனக்க வாயையே பாத்துட்டு நின்னான். "கொள்ளாம். எடுத்துக்கோ"ன்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தையில ஒரு லட்சத்து இருபதாயிரம் கை மாறிச்சு.

திங்கக்கிழமை வண்டிய கட்டி இழுத்து பட்டறைக்குக் கொண்டு வந்தோம். டயர் மாத்த நானே ஜாக்கி வச்சேன். லீவர அடிக்க அடிக்க ஜாக்கி மேல போகுது, வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. என்னடா இதுன்னு குனிஞ்சு பாத்தா, ஜாக்கி அடித்தகரத்தப் பொத்துட்டு உள்ள ஏறிட்டு இருக்கு. உள்ள இருந்து செம்மண்ணு மாதிரி துரு சொரிஞ்சு தரையில விழுந்துது. மணியன் அதைக் கையில அள்ளிப் பாத்துட்டு, "இது எவ்வளவு வரும் மக்கா?"ன்னு கேட்டான். ஒரு பத்து பதினைஞ்சாயிரத்துல நிக்கும்னு சொன்னேன். 

மறுநாள் காலையில தனியா இருந்து வெட்டினேன். பழைய வண்டியில துரு வேலைக்கு யாரும் முன்கூட்டி ரேட்டு சொல்ல முடியாதுன்னு சொல்லுறது இதுக்குத்தான். ஒரு சாண் வெட்டினா நல்ல இரும்பு கிடைக்கும்னு வெட்டுவோம், கிடைக்காது. இன்னும் ஒரு சாண். கதவுக்குக் கீழ உள்ள பெட்டி முழுக்க போயிருந்துது. அதுல இருந்து தரைத்தகரம், அதுல இருந்து நடுத்தூணுக்க அடி. தூணு இறங்கினதால கதவு ரெண்டும் சேந்து அடையல்ல. கதவுக்காக கண்ணாடியும் ரப்பரும் கழத்தினா, ரப்பர் கையில பொடியா வருது. தரை வழியா ஓடின வயரு முழுக்க பச்சை பிடிச்சிருக்கு. பதினைஞ்சு முப்பதாச்சு, முப்பது எண்பதாச்சு. பெயின்டும் கூடக் கூட்டினா வண்டி வாங்கின பைசாவுக்கு மேல போகும். தகரம், கேஸ், சாமான் எல்லாம் பைசா குடுத்து வாங்கணும். எனக்க கூலிய மட்டும் நான் வேண்டாம்னு சொல்லலாம், வேற என்ன செய்ய?

இடத்த கை பக்கத்துப் பெட்டிய வெட்டி எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன். துருவுக்கு மேல ஒரு தகரம் வச்சு மூடி, நாலு ஓரமும் பத்தவச்சிருக்கு. காந்தம் பிடிச்சது அந்தத் தகரத்துலதான். வெல்டு இடத்த இருந்து வலத்த பாத்துப் போகுது. அதைப் பாத்த உடனே கையில இருந்தத தரையில வச்சிட்டு அங்கேயே இருந்துட்டேன். அது எனக்க வேலை.

அப்பம்தான் எல்லாம் ஓர்மை வந்துது. அதுவரைக்கும் சத்தியமா மறந்து போச்சு. எத்தன டிசம்பர், எத்தன வண்டி. ஆசானுக்க பட்டறையில, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சாமுவேல் சாருக்க வண்டி. ஆசான் ஒரு மரணவீட்டுக்குப் போயிருந்தார். போகும்போது, "வில்ப்ரட்டு, சாருகிட்ட பொட்டலத்தக் குடுத்து, ரெண்டு வருஷம்னு சொல்லணும்"னு சொல்லிட்டுத்தான் போனார். நான் பொட்டலம் கட்டி வச்சேன். சார் வந்தார், கூட டீச்சரும். வண்டிய ஒரு சுத்து நடந்து பாத்துட்டு சாருக்கு அடக்க முடியாத சந்தோஷம். டீச்சர் எனக்க பிள்ளைகளுக்குன்னு ஒரு கேக்கு கொண்டு வந்து தந்தாங்க. அந்த கேக்கு வாங்கின கையால துருப் பொட்டலத்த எப்படிக் குடுக்க? பண்டிகை கழிஞ்சு சொல்லலாம்னு நினைச்சேன். அவங்க போன பிறகு பொட்டலத்த ஓடையில எறிஞ்சேன். சாயங்காலம் ஆசான் வந்து "சொன்னியா?"ன்னு கேட்டார். சொன்னேன்னு சொன்னேன். பண்டிகை கழிஞ்சுது, நான் சொல்லல்ல. சாருக்கு கடைசி வரைக்கும் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. 

தகரம் வெட்டின அண்ணைக்கே மணியன்கிட்ட சொல்லணும்னுதான் நினைச்சேன். சாயங்காலம் அவன் வந்தான். வெட்டின தகரத்தக் கையில எடுத்துப் பாத்துட்டு, "யாரோ மூடி வச்சிருக்கான் மக்கா. தெரிஞ்சேதான் நம்ம தலையில கெட்டினாங்க"ன்னான். அவன் முகம் இருந்த இருப்பப் பாத்து, நாளைக்கு சொல்லலாம்னு விட்டேன். இந்த 'நாளைக்கு'ங்கிறது எனக்கு ரொம்ப நாளா உள்ள சீக்கு.

மறுநாள் டீச்சரே ஆட்டோ பிடிச்சு பட்டறைக்கு வந்துட்டாங்க. ராத்திரி மணியன் போன்ல என்னமோ கடுப்பாப் பேசியிருக்கான். எழுபத்தெட்டு வயசு, கையில குடை. வண்டி நாலு கட்டைக்கு மேல அடிவயிறு கிழிஞ்சு நிக்குறதப் பாத்து அப்படியே நின்னுட்டாங்க.

"மணியா, எனக்கு சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

"தெரியாதோ? உள்ள தகரம் வச்சு மூடி, கறுப்பு அடிச்சு வச்சது தன்னால வந்ததா டீச்சரே? எனக்க பெண்டாட்டிக்க மாலையாக்கும் அது. பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்த ஆளு, இப்படிக் களவாணித்தனம் செய்வாங்களா? கள்ளி."

பட்டறையில நின்ன எல்லாருக்கும் கேட்டுது. அந்த அம்மை குடைய தரையில ஊணிட்டு எனக்க பக்கம் திரும்பினாங்க. "வில்ப்ரட்டு, நீ சொல்லு. சார் உன்கிட்டதானே வண்டிய தந்துட்டு இருந்தார். நாங்க மூடச் சொன்னோமா?"

அவங்க என்னக் குத்தம் சொல்லிக் கேக்கல்ல. சாட்சிக்கு விளிச்சாங்க. எனக்க கையில டார்ச்சு இருந்துது, எரிஞ்சிட்டு இருந்த தீய அணைக்கக்கூட எனக்குத் தோணல்ல. "பழைய வண்டி டீச்சரே. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"னு சொன்னேன்.

டீச்சர் குடைய விரிச்சுட்டுப் போனாங்க. அடுத்த வாரம் பள்ளியில மணி அடிக்கிற கப்பியார் கையில ஒரு கவர் வந்துது, உள்ள அறுபதாயிரம். மணியன் வாங்கினான். "தப்பு செய்யாத ஆளு பைசா திருப்பித் தருமா?"ன்னு ஸ்டாண்டுல சொன்னான். ஸ்டாண்டுல சொன்னது பள்ளிக்கு வர எத்தன நேரம் ஆகும்? ஞாயிற்றுக்கிழமை முன் பெஞ்சுல இருக்கிற டீச்சர் பின்னால போய் இருக்கத் தொடங்கினாங்க. பிறகு வாறதே நின்னுது. மழைக்கு முன்ன பெங்களூர்ல மகன் வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

நான் அந்த வண்டியில ஏழு மாசம் கிடந்தேன். கூலி வாங்கல்ல, ஞாயிறும் வேலை செய்தேன். மணியன் ஸ்டாண்டுல, "வில்ப்ரட்ட மாதிரி ஒரு கூட்டுகாரன் கிடைக்கணும்"னு சொல்லுவான். அதைக் கேக்கும்போது எனக்குச் செத்தா போதும்னு இருக்கும். அந்த அறுபதும் தகரத்துக்கும் கேஸுக்கும் போச்சு. வலத்த பக்கம் வெட்டத் தொடங்கினப்பம் அவன்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. எனக்கும் கண்ணு மங்கத் தொடங்கிச்சு. ஆர்.சி. புதுக்க வேண்டிய நாளும் தாண்டிப் போச்சு. கடைசியில மார்த்தாண்டத்துல இருந்து பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர் லாரி வந்து இரும்பு விலைக்குத் தூக்கிட்டுப் போச்சு. மணியன் இப்பம் ஒரு பள்ளிக்கூட வேனு ஓட்டுதான். காலையில கிளட்ச மிதிக்கும்போது முட்டு வலியில பல்லக் கடிக்கிறது எனக்க வாசல்ல நின்னா தெரியும்.

போன வருஷம் டீச்சர் பெங்களூர்ல மரிச்சாங்க. சாருக்க பக்கத்துல அடக்கணும்னு சொல்லியிருந்தாங்களாம், ஊருக்குக் கொண்டு வந்தாங்க. நான் போனேன். அடக்கம் முடிஞ்சு ஆளுக எல்லாம் கலைஞ்ச பிறகு பாத்தா, கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளிய மணியன் நிக்கான். உள்ள வரல்லியான்னு கேட்டேன்.

"எந்த முகத்த வச்சுட்டு வாறது? அவங்க செய்தது தப்புதான். ஆனாலும் அத்தன பேருக்க முன்னால நான் அப்படி விளிச்சிருக்கப்படாது மக்கா."

அவன் அப்படிச் சொன்ன பிறகு என்னால நிக்க முடியல்ல. எல்லாத்தையும் சொன்னேன். வெல்டு போன திசை, கேக்கு, ஓடையில எறிஞ்ச பொட்டலம், எல்லாம். சொல்லும்போது அழுதேன். அவன் அழல்ல. குறுக்க ஒண்ணும் கேக்காம முழுக்கக் கேட்டான்.

"எப்பம் தெரியும் உனக்கு?"

"வெட்டின அண்ணைக்கே."

"டீச்சர் பட்டறைக்கு வந்தது?"

"அதுக்கு அடுத்த நாள்."

அவன் மெதுவாத்தான் சொன்னான். "தகரம் வச்சதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது ஒரு காலத்து வேலை. வண்டி போச்சு, போட்டு. மாலை போச்சு, போட்டு. அந்த அம்மைய நான் கள்ளின்னு விளிச்சேன் வில்ப்ரட்டு. நீ பக்கத்துல நின்ன."

நாப்பது வருஷத்துல அவன் என்னப் பேரு சொல்லி விளிச்சது அண்ணைக்குத்தான். செருப்ப கேட்டுக்கு வெளிய கழத்திப் போட்டுட்டு, முட்டுக்கு ஒரு கையக் குடுத்துட்டு, அவன் உள்ள போனான். புது மண்ணுக்குப் பக்கத்துல குனிஞ்சு நின்னு அவன் என்னமோ சொல்லுறது தெரிஞ்சுது, எனக்குக் கேக்கல்ல. எனக்கும் அங்க சொல்ல வேண்டியது உண்டு. நான் கேட்டுக்கு வெளியதான் நின்னேன்.